சுண்டக் காய்ச்சின தண்ணி

— ஏன்டி செல்வி, கெணத்தாண்ட போயி எதுக்கு பாட்டில்ல தண்ணி மொண்டுகினு கீற? ஆஸ்பத்திரிக்கி எத்துனு போறதுன்னா ஒன் ரூம்ல கேன் தண்ணி கீது, அத்த புடி.

— குடிக்க இல்ல மேரியக்கா. டாக்டரம்மா கேட்டாக. கேன் தண்ணி ஒரு பாட்டிலு, கிணத்துத் தண்ணி ஒரு பாட்டிலு. ரெண்டையும் டெஸ்டுக்கு அனுப்பணுமாம்.

— தண்ணிக்கி இன்னா டெஸ்ட்டு? கொழந்திக்கி ஒடம்பு சரியில்லன்னா கொழந்தியத்தான பாக்கணும்? சரி, அத்த வுடு. மொதல்ல எங் கண்ணு நாச்சியாரு எப்டி கீறா, அத்த சொல்லு. ராத்திரி பூரா ஜெபமாலய கைல வச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தேன். போன் போட்டா ஒம் புருசன் "பரவால்லக்கா, பரவால்லக்கா"ன்றான். பரவால்லன்னா இன்னான்னு எடுத்துக்கறது?

— நல்லா இருக்காக்கா. காலையில கண்ண முழிச்சு, மேல சுத்துற ஃபேனப் பாத்துச் சிரிச்சா. உதடெல்லாம் பழையபடி செவந்துருச்சு.

— மாதாவே! என் வயித்துல பால வாத்தடி. சிரிச்சாளா? அந்த ஒத்தக் கன்னத்துல குழி வுழுமே, அது வுழுந்துதா?

— விழுந்துச்சுக்கா. ஏக்கா, என்ன இம்புட்டு பொகை? கண்ணு எரியுது.

— சவுக்கு வெறகு ஈரமா கீது. வெந்நீ வச்சிக்கினு கீறேன்.

— எனக்குன்னா வேண்டாம்க்கா. குளிக்கவெல்லாம் நேரமில்ல. பிள்ளைக்கு நாலு துணிய எடுத்துக்கிட்டு உடனே பஸ் ஏறணும்.

— நீ குளிக்காட்டி போ. அது பாட்டுக்கு காயட்டும்.

— ஒரு கரண்டு அடுப்பு வாங்கிக்கிடலாம்லக்கா? நான் எங்க ரூம்ல பட்டுனு சுவிச்சப் போட்டு காச்சிப்புடுதேன்.

— போடி, அது ஒரு அடுப்பா? நெருப்ப கண்ணுல பாக்காம தண்ணி எப்டிடி காயும்?

— ரூமுக்குள்ள சிலிண்டரு வைக்கக் கூடாது, கரண்டு அடுப்புதான்னு எங்களுக்கெல்லாம் கண்டிசன் போட்டதே நீங்கதான்.

— அது பசங்களுக்கு. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து அடுப்ப பத்த வச்சிட்டு தூங்கிட்டானுங்கன்னா? சரி, இப்டி ஒக்காரு. மொகமெல்லாம் வீங்கிப் போயி கீது. எதுனா தின்னியா?

— எறங்கலக்கா. கண்ண மூடுனா, எமர்ஜென்சில பிள்ளையப் பாத்த மொகந்தான் வருது. நெறமே மாறிப் போயி, சிலேட்டு மாதிரி கெடந்தா.

— அத்த நீ அப்பால பாத்த. நா இங்க பாத்தேன் பாரு… தூளியிலேர்ந்து தூக்குறேன், ஒதடு நாவப்பழம் தின்னா மாதிரி கீது. நகமெல்லாம் நீலம். அழுவக்கூட தெம்பில்ல, சொம்மா வாய வாய தொறக்குது. ஒனக்கு போன் போடுறேன், அடிச்சிக்கினே கீது. எடுக்கவே மாட்டேன்ற.

— கம்பெனியில போன லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தானக்கா லைனுக்குள்ள விடுதாக. நான் அங்கன போர்டுல ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டு இருக்கேன், இங்கன எம்பிள்ள… சூப்பர்வைசரு வந்து தோளத் தொட்டப்ப, டார்கெட்டு கொறையுதுன்னு திட்டத்தான் வாராருன்னு நெனச்சேன்.

— எங்க வூட்டுக்காரரு வண்டிய எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சி. சுங்குவார்சத்திரம் வரிக்கும் நாச்சியார மாரோட அணைச்சிக்கினு, "மூச்சு வுடுடி என் ராஜாத்தி, மூச்சு வுடுடி"ன்னு கத்திக்கினே போனேன். ரோட்ல போற கம்பெனி பஸ்காரனெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறான். அங்க டாக்டரு பாத்துட்டு, இங்க ஆவாது, மெட்ராஸுக்கு எத்துனு போன்னுட்டாரு. அப்பால ஆம்புலன்சு.

— அவுக உங்களச் சாமிங்காகக்கா. வார்டு வாசல்ல பாக்குறவுகட்ட எல்லாம் சொல்லுதாக. எங்க வீட்டுக்கார அக்கா இல்லைன்னா எம்பிள்ள எனக்கு இல்லைன்னு.

— அய்ய, ஒம் புருசன் பேச்சிராஜுக்கு வேற வேலயில்ல. எம் பேத்தியா இருந்தா தூக்கினு ஓட மாட்டனா? எம் புள்ள ஜெபர்சன் துபாய்ல கீறான், பொண்ணு ஜெர்சி கட்டிக்கினு போன எடத்துல. எனுக்கு மடியில போட்டுக்க வேற யாருடி கீறா? சரி, கொழந்திக்கி இன்னாதான் வந்துது? ஹார்ட்டுல ஓட்டையான்னு கேட்டியா?

— ஹார்ட்டுல ஒண்ணுமில்லக்கா. ரத்தம் எடுத்தாக. ஊசிக்குள்ள ஏறுனதப் பாத்தேன். சிவப்பே இல்ல. கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பா வருது. டாக்டரம்மா அந்த ரத்தத்த வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, எங்கிட்ட கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? "வீட்ல என்ன தண்ணி?"

— தண்ணியா?

— ஆமாக்கா. அப்புறம் நீலமா ஒரு மருந்த ஏத்துனாக. பிள்ளையே நீலம் பூத்துக் கெடக்கு, இதுல நீல மருந்தான்னு கேட்டே புட்டேன். ஆனா ஏத்த ஏத்த, எங்க கண்ணு முன்னாடியே நெறம் திரும்புச்சுக்கா. இப்ப ஒண்ணுக்குப் போனா துணியெல்லாம் பச்ச நீலமா இருக்கு. மருந்து வெளிய போவுதாம்.

— சரி, தண்ணிக்கும் ரத்தத்துக்கும் இன்னா சம்பந்தம்?

— தண்ணியில நைட்ரேட்டுன்னு ஒண்ணு இருந்தா இப்பிடி வருமாம். பெரிய ஆளுக குடிச்சா உடனே ஒண்ணும் தெரியாதாம். பச்சப் பிள்ளைக்குத்தான். ரத்தத்துல போயி காத்தச் சேர விடாதாம். பிள்ள மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், ஆனா மூச்சு ஒடம்புக்குள்ள சேராது. அப்பிடித்தான் சொன்னாக.

— அப்ப அந்த கேன் தண்ணிதான்! நா அன்னிக்கே சொல்லல? எவனோ எங்கியோ ரொப்பி, வெயில்ல லாரில வச்சி இஸ்துனு வர தண்ணி. நீ குடி வந்த புதுசுலயே கேன் வாங்குனியே, அப்பவே எனக்கு சுருக்குன்னுது. எளநி கணக்கா கெணறு வச்சிக்கினு கீறோம், இவ இன்னாடா பிளாஸ்டிக் தண்ணிக்கி அலையறான்னு. வாய தொறந்து சொல்லல. குடித்தனம் வந்த பொண்ணாச்சே, அது இஷ்டம்னு வுட்டேன்.

— கேன் தண்ணியில அது அவ்வளவா இருக்காதாம்க்கா. மிஷின்ல சுத்தம் பண்ணும்போதே போயிருமாம்.

— பின்ன எங் கெணறுன்றியா? செல்வி, இது எங்க வூட்டுக்காரரு கல்யாணத்துக்கு முன்னாடி ஆளோட ஆளா எறங்கி வெட்டுன கெணறு. ஃபாதர் வந்து மந்திரிச்ச கெணறு. ஒரகடத்துல கம்பெனிங்க வரதுக்கு முன்னாடி இந்தத் தெருவே இதுலதான் எறச்சிக்கினு இருந்துது. எம் புள்ளைங்க ரெண்டும் இத்த குடிச்சிதான் வளந்துதுங்க. ஒரு ஜொரம் வந்துகீதா? ஒரு நாத்தம் கீதா? மோந்து பாரு. நாக்குல வச்சிப் பாரு.

— அதுக்கு நாத்தமும் கிடையாதாம், ருசியும் கிடையாதாம். கண்ணாடி மாதிரிதான் தெரியுமாம். அக்கா, டாக்டரம்மா இன்னொண்ணும் கேட்டாக. கிணத்துப் பக்கத்துல கக்கூஸ் குழி இருக்கான்னு.

— எங்க கீது? அது தள்ளித்தான கீது?

— எங்கக்கா தள்ளி? இந்தா, இந்தத் துணி காயுற கொடிக்கு ஒரு முனை கிணத்துத் தூண்ல. இன்னொரு முனை எங்க கட்டிருக்கீக?

— …குழி பைப்புல.

— ஒத்தக் கொடி நீளந்தான்.

— அது… ரூம் கட்டச்சொல்ல அந்தாண்ட எடுக்கலாம்னுதான் பிச்சையா மேஸ்திரி சொன்னாரு. பசங்க பைக் நிறுத்த எடம் வேணும்னு நாந்தான் இங்க எடுக்கச் சொன்னேன்.

— அடியில சிமெண்டு பூசிருக்கா?

— பூசல. உறைய எறக்கி அப்டியே வுட்டுட்டோம். அடி பூசுனா சீக்கிரம் ரொம்பிடும், லாரிக்காரன கூப்புட்டுக்கினே இருக்கணும், பூசாம வுட்டா பூமியே குடிச்சிக்கும்னாரு. மெய்யாலுமே அப்டித்தான் இருந்துது செல்வி. எல்லா ரூமு பசங்களும் அதுலதான் போறானுங்க, இத்தினி நாள்ல ஒரு வாட்டிகூட ரொம்பல. மாதர் சங்கத்துல கூட பெருமையா சொல்லினு இருந்தேன்.

— பூமி குடிச்சது எங்கக்கா போயிருக்கும்? உங்களக் கொற சொல்லலக்கா. நாங்களும்தான அந்தக் கக்கூஸுக்குப் போறோம். நாங்க இங்கன வராம இருந்திருந்தா ரூமும் இல்ல, குழியும் இல்ல. ரெண்டாம் ரூமு கனகலட்சுமி மாசமா இருக்கால்ல, அவகிட்ட வரும்போதே சொல்லிட்டேன், கிணத்துத் தண்ணியக் குடிக்காதன்னு. மாசமா இருக்குறவுகளும் குடிக்கக் கூடாதாம்.

— இரு, இரு. நீதான் கொழந்திக்கி கேன் தண்ணிதான வச்சிட்டுப் போவ? தெனம் ப்ளாஸ்க்ல ஊத்தி, பால் பவுடர் டப்பாவ பக்கத்துல வச்சி, "அக்கா, இந்தத் தண்ணியிலயே கலக்குங்கக்கா"ன்னு சொல்லிட்டுத்தான போவ? இத்த டாக்டருகிட்ட சொன்னியா?

— மொதல்ல அதத்தான் சொன்னேன். அவுக நம்பல. "கேன் தண்ணியில கலக்குன பிள்ளைக்கு இப்பிடி வராதும்மா, உண்மையச் சொல்லு, சொன்னாத்தான் வைத்தியம்"னாக.

— அப்பால?

— நான்தான் கிணத்துத் தண்ணியக் குடுத்தேன்னு சொல்லிட்டேன்.

— இன்னாது? நீ எங்கடி குடுத்த?

— குடுத்தேன்க்கா.

— பைத்தியமாடி உனக்கு? பண்ணாதத பண்ணேன்னு எவளாவது சொல்லுவாளா? அதுவும் புருசன பக்கத்துல வச்சிக்கினு?

— அவுக அதுக்கப்புறம் எங்கூட பேசவே இல்ல. ஒரே ஒரு வார்த்த கேட்டாக. "ஒரு கேன் தண்ணி வாங்கக்கூட ஒனக்கு மனசு வரலையா?"ன்னு. அம்புட்டுதான். வெளிய போயி அவுக அம்மாவுக்குப் போன் போட்டுட்டாக. எங்கத்தை கோவில்பட்டியில ரயிலேறிட்டாக. நாளைக்குப் பிள்ளைய டிஸ்சார்ஜ் பண்ணுனதும் அப்பிடியே ஊருக்குக் கொண்டு போயிருவாக.

— எத்தினி நாளைக்கி?

— நாளைக்குன்னு இல்லக்கா. "பெத்த பிள்ளைக்குப் பால் கலக்கத் தெரியாதவகிட்ட இனிமே விட மாட்டேன்"னு போன்ல சொல்லிட்டாக. அங்கனயே வளரட்டும்னு அவுக மகனும் தலைய ஆட்டிட்டாக. நான் பொங்கலுக்கும் தீவாளிக்கும் போயிப் பாத்துக்கிடணும். தாய்ப்பால் குடுத்திருந்தா இது வந்தே இருக்காதாம்க்கா. நான் லைனுக்கு ஏறுன மறு வாரமே எனக்குப் பால் வத்திருச்சு. காண்ட்ராக்ட்டுக்காரிக்கு ஏது லீவு? போகலைன்னா வேற ஆளப் போட்டுருவான்.

— செல்வி… ஒண்ணு கேக்கறேன். நல்லா யோசிச்சி சொல்லு. தண்ணிய காச்சிட்டா அது பூடும் இல்ல? அந்த நைட்டு… அந்தக் கெடுதி?

— போவாதாம்க்கா.

— கொதிக்கக் கொதிக்க காச்சினாக்கூடவா?

— காச்சக் காச்சக் கூடுமாம். தண்ணி ஆவியாப் போயி வத்துது, அது வத்தாது. உள்ளயே தங்கிருமாம். பாதியா வத்துனா ரெட்டிப்பாயிரும்னு டாக்டரம்மா வெரல மடக்கிச் சொன்னாக.

— ஒரு குண்டான் தண்ணிய ஒரு டம்ளரா சுண்ட வச்சா? சொல்லுடி. ஒரு டம்ளரா சுண்ட வச்சா?

— ஏக்கா, என்ன செய்யுதீக? வெந்நிய ஏன் கவுக்கீக? யாத்தே, தள்ளி நில்லுங்க, கால்ல பட்டுரும்! அடுப்பே அணஞ்சு போச்சு. குளிக்க வச்ச தண்ணிய இப்பிடிப் போட்டு…

— அது குளிக்க வச்ச தண்ணி இல்ல.

— பின்ன?

— கொழந்திக்கி வச்சது. நீ போறச்ச ப்ளாஸ்க்ல ஊத்திக் குடுத்து, "கேன் தண்ணிதான்டி, சுட வச்சிக் குடுத்திருக்கேன்"னு சொல்லலாம்னு வச்சேன். எப்பவும் அப்டித்தான். தெனம் இந்தக் குண்டான்தான். எங் கெணத்துத் தண்ணிதான்.

— கைய எடுங்கக்கா, சுட்டிருக்கும்.

— சுடட்டும். கேளு. நீ ப்ளாஸ்க்ல வச்சிட்டுப் போன தண்ணிய நா ஒரு நாளுகூட கலக்கலடி. உன்ன அந்தாண்ட பஸ் ஏத்திவுட்டுட்டு, இந்தாண்ட வந்து அத்த மல்லிச் செடிக்கு ஊத்திடுவேன். பச்ச புள்ளைக்கி பிளாஸ்டிக் தண்ணியா, நம்ம வூட்ல வளர்ற கொழந்தியாச்சே, நல்ல தண்ணி குடுப்போம்னு… எங்கம்மா எனக்கு அப்டித்தான் குடுத்துது. ஜெர்சிக்கி நா அப்டித்தான் குடுத்தேன். சுண்டச் சுண்ட காச்சினா தண்ணி சுத்தமாயி, கொழந்தி வயித்துக்கு இதமா இருக்கும்னு. போன வாரம் அதுக்கு வயித்தால போச்சே, நெனப்பு கீதா? அப்ப இன்னும் சுண்ட வச்சேன். இன்னும் நல்லா காச்சணும், இன்னும் நல்லா காச்சணும்னு அடுப்பு முன்னால ஒக்காந்து ஊதினே இருந்தேன். ஐயோ, எம் பொண்ணுக்கு என் கையால…

— அழாதீகக்கா. பாக்குறவுக என்னமோன்னு நெனப்பாக.

— நெனச்சா நெனைக்கட்டும். பேச்சிராஜ் என்னிய சாமின்றானா? வரேன். நானே வந்து அவன் எதுர்க்க நின்னு சொல்றேன். உங்கத்த எறங்கி வரட்டும், அவுங்க கால்ல வுழுறேன். "இவ மேல ஒரு தப்பும் இல்லம்மா, இந்தக் கிழவி பண்ண வேல, என்னிய செருப்பால அடிங்க, கொழந்திய மட்டும் தாய்கிட்டேந்து பிரிக்காதீங்க"ன்னு சொல்றேன். இரு, பொடவ மாத்தினு வரேன்.

— வேண்டாம்க்கா.

— இன்னா வேண்டாம்? நா பண்ண பாவத்த நீ தூக்கிக்கினு நிக்கறியே, கொழந்தியவே எத்துனு போறாங்களே, அப்பவும் வேணாமா? என்னிய காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பொய் சொன்னியா? எனுக்கு எதுக்குடி இந்த மரியாத?

— பொய் இல்லக்கா.

— இன்னா பொய் இல்ல? நீ கேன் தண்ணி வச்சிட்டுப் போனது பொய்யா?

— வச்சுட்டுத்தான் போனேன்.

— என்னிய அதுல கலக்கச் சொன்னது பொய்யா?

— சொல்லிட்டுத்தான் போனேன்.

— பின்ன ஒம் மேல இன்னாடி தப்பு கீது?

— ஷிப்டு முடிஞ்சு வந்து பால் பாட்டிலக் கழுவ எடுப்பேன்லக்கா. புளிச்சுக் கெடக்கான்னு மூடியத் தொறந்து மோந்து பாப்பேன். மொத நாளே விறகுப் பொகை வாசம் அடிச்சுது.

— …செல்வி.

— எங்க ரூம்ல இருக்குறது கரண்டு அடுப்பு. கேன் தண்ணியில ஏதுக்கா பொகை? கேட்டுருவோம்னு படி வரைக்கும் வந்தேன். நீங்க பிள்ளைய மடியில போட்டு, காலுக்கு எண்ண தேச்சுக்கிட்டு இருந்தீக. கேட்டா கோவிச்சுக்கிடுவீகளோ, நாளையில இருந்து வேற ஆளப் பாத்துக்கோன்னுட்டா எங்கிட்டுப் போவேன்னு பயம். அக்கா குடுத்தா நல்லதாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெனமும் வந்தேன், மோந்து பாத்தேன், கழுவி வச்சேன். மறுநாளும் எந்திரிச்சு ப்ளாஸ்க்கு நெறைய கேன் தண்ணிய ஊத்தி வச்சேன், உங்க மல்லிச் செடிக்கு.